கொழிஞ்சாம்பாறைக்கு இரண்டு முகவரி: யூஆர்எல் லைப்ரரிகள் எந்தத் தரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்

போன வருஷம் கேரளத்துச் சித்தூர் தாலுகாவில் இருக்கும் சில வாசகசாலைகளுக்காக ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்தோம். எந்த ஊரில் என்றைக்குக் கூட்டம், என்ன புத்தகம் புதிதாக வந்திருக்கிறது, அவ்வளவுதான் அதில். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று ஊருக்கு ஒரு பக்கம். எங்கள் வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும், ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் போட்டால் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங் வைத்திருப்பார்கள், அதனால் இணைய முகவரியிலேயே (யூஆர்எல்) பெயரைத் தமிழில் வைத்துவிடுவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இரண்டாவது வாரமே புகார் வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய கொழிஞ்சாம்பாறை லிங்க்கைத் தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்கிறது. முகப்புப் பக்கத்திலிருந்து போனால் அதே பக்கம் நன்றாகத் திறக்கிறது. என்னோடு வேலை செய்யும் பெண் இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானுங்க. ஒரு எழுத்துகூட மாறலையே?” என்றாள்.

“% போட்டு வர்ற வடிவத்துல நீளத்தை எண்ணிப் பாரும்மா” என்றேன்.

ஊர்ப்பெயர் மட்டும் ஒன்றில் 126 இடம், இன்னொன்றில் 135.

வித்தியாசம் முதல் எழுத்திலேயே இருந்தது. ‘கொ’ எழுதும்போது க-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் நிற்கின்றன. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் பார்த்தால் அச்சு அசல் ஒன்றேதான். ஆனால் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட், முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு இலக்கமுமாக மாறும், ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். கொழிஞ்சாம்பாறை 14 குறி என்றால் 126, 15 குறி என்றால் 135. ஃபோன் கீபோர்டில் அடித்த பெயர் 14 குறியோடு வந்திருக்கிறது. பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டிய பெயர் 15 குறியோடு வந்திருக்கிறது.

சரி, இதில் யார் செய்தது தப்பு? பிரவுசர், தனக்குக் கொடுத்த பைட்டுகளை மாற்றாமல் % வடிவத்துக்குக் கொண்டுபோனது. அதன் தரம் அப்படித்தான் சொல்கிறது. சர்வரில் இருந்த லைப்ரரி (வாசகசாலை இல்லை, மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்தொகுப்பு) % வடிவத்தை மறுபடி பைட்டாக்கிப் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டது, அதுவும் சரிதான். ஆனால் இதே ஊர்ப்பெயர் பாதையில் (தளத்தின் பெயருக்குப் பின்னால் / போட்டு வரும் பகுதி) இல்லாமல் டொமைன் பெயரில், அதாவது தளத்தின் பெயரிலேயே, இருந்திருந்தால் கதை வேறு. டொமைன் பெயருக்குத் தனி விதி உண்டு, அங்கே யூனிகோடின் சேர்ப்பு வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி என்று சொல்வார்களே அதற்கு, மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும் நடக்கும், அப்போது 14-ம் 15-ம் ஒன்றாகிவிடும். ஒரே வரியில் இருக்கும் ஒரு முகவரி, அதன் இடது பாதிக்கு ஒரு சட்டம், வலது பாதிக்கு இன்னொரு சட்டம். இதை எங்களுக்கு எந்த லைப்ரரியின் கையேடும் பளிச்சென்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் விரிக்கப் போகிறேன்.

முதலில் தரங்களின் கதை. இணைய முகவரிக்கான முதல் முறையான இலக்கணம் 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணமாக வந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வெளியிடும் ஆவண வரிசை). 1998-இல் ஆர்எஃப்சி 2396 வந்தது. பிறகு 2005 ஜனவரியில் டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூன்று பேரும் எழுதிய ஆர்எஃப்சி 3986 வந்தது. இன்றைக்கும் நடப்பில் இருப்பது அதுதான். அது ஓர் இலக்கண நூல் மாதிரி. எது சரியான முகவரி என்று வரையறுக்கும், அதன் உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும், இரண்டு முகவரிகளை எப்படி ஒப்பிடலாம் என்று சொல்லும். ஆனால் தப்பான முகவரி கையில் வந்தால் அதை என்ன செய்வது என்று சொல்லாது. தப்பு என்றால் தப்பு, அங்கே நிறுத்திக்கொள்ளும்.

பிரவுசர்களால் அப்படி நிறுத்திக்கொள்ள முடியாது. உலகத்தில் இருக்கும் இணையப் பக்கங்களில் நடுவில் வெற்றிடம் வைத்த லிங்க், சாய்கோட்டைத் தலைகீழாகப் போட்ட லிங்க், பாதியில் வரி உடைந்த லிங்க் எல்லாம் நிறைந்து கிடக்கின்றன, அவற்றைத் திறக்காத பிரவுசரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பிரவுசரும் தனக்குத் தோன்றியபடி பழுதுபார்த்தது. அந்தப் பழுதுபார்ப்பையே ஒழுங்குபடுத்தி ஒரே மாதிரி ஆக்கத்தான் வாட்விக் குழுவின் யூஆர்எல் தரம் 2012 வாக்கில் எழுத ஆரம்பிக்கப்பட்டது. ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா மூன்றும் 2004-இல் சேர்ந்து தொடங்கிய குழு அது. ஆன் வான் கெஸ்டெரன் இந்தத் தரத்தின் ஆசிரியர். இது இலக்கணம் இல்லை, செய்முறை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே போ, இந்த நிலையில் இந்த எழுத்து வந்தால் இதைச் செய் என்று படிப்படியாகச் சொல்லும். எதைக் கொடுத்தாலும் ஒன்று விடை வரும், இல்லையென்றால் ‘முடியாது’ என்று வரும், நடுவில் தொங்காது. இதற்குப் பதிப்பு எண்ணும் கிடையாது. வாழும் தரம் என்று சொல்லி அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நிறைய. இணையப் பக்கங்களுக்கான முகவரியில் பின்சாய்கோடு \ வந்தால் வாட்விக் தரம் அதை / என்றே எடுத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி 3986-இல் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. இரண்டு சாய்கோட்டுக்குப் பதில் மூன்று போட்டால் வாட்விக் மிச்சத்தைத் தள்ளிவிட்டு அடுத்து வருவதை ஹோஸ்ட் (எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பகுதி) என்று படிக்கும். ஆர்எஃப்சி படி ஹோஸ்ட் காலி, மிச்சம் எல்லாம் பாதை. நடுவில் டேப்போ வரி உடைப்போ இருந்தால் வாட்விக் சத்தமில்லாமல் நீக்கும், ஆர்எஃப்சி ஏற்காது. 2130706433 என்ற வெறும் எண்ணை ஹோஸ்ட் இடத்தில் போட்டால் ஆர்எஃப்சிக்கு அது இலக்கங்களால் ஆன ஒரு பெயர். வாட்விக்கிற்கு அது 127.0.0.1, அதாவது உங்கள் சொந்தக் கணினி. 0177.0.0.1 என்று எழுதினாலும் அதே 127.0.0.1, ஏனென்றால் முன்னால் சுழியம் வந்தால் எட்டடிமான எண் என்று பழைய சி நிரல் வழக்கப்படி படிக்கிறது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: வாட்விக் பார்சர் (முகவரியை உறுப்புகளாகப் பிரிக்கும் நிரல்) சுத்தம் செய்து எழுதிக் கொடுக்கும் முகவரியின் குவெரி பகுதியில் (? குறிக்குப் பின்னால் வருவது) | போன்ற குறி அப்படியே இருக்கலாம், அதைக் கண்டிப்பான ஆர்எஃப்சி பார்சரிடம் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும்.

எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கம் போனால் முகவரி என்பது கதவு எண், அப்புறம் தெரு. எங்கள் பக்கம் முகவரியின் முதல் வரியில் வீட்டுப் பெயர் நிற்கும், தெரு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருக்காது. அந்தப் பக்கத்திலிருந்து கூரியர் கொண்டுவரும் பையன் முதல் வரியைப் படித்துவிட்டு அது ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டு டீக்கடையில் விசாரித்ததை நானே பார்த்திருக்கிறேன். அவனுக்கும் முகவரி படிக்கத் தெரியும், எழுதியவருக்கும் எழுதத் தெரியும். எந்தப் பழக்கத்தில் படிப்பது என்பதை மட்டும் கவரில் யாரும் எழுதவில்லை.

கூரியர் பையன் நான்கு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். நிரல் யாரையும் கேட்காது. ஒரு பகுதி முகவரியைப் படித்து ‘இது பாதுகாப்பானது’ என்று விட்டுவிடும், இன்னொரு பகுதி அதே முகவரியை வேறு விதமாகப் படித்து வேறு இடத்துக்குப் போகும். பாதுகாப்பு ஓட்டைகள் பிறப்பது இந்த இடைவெளியில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2017-இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் தைவானைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆரஞ்ச் சாய் ஒரு முகவரியைக் காட்டினார். எச்டிடிபி://1.1.1.1 &@2.2.2.2# @3.3.3.3/ என்பதுதான் அது. நடுவில் வெற்றிடங்கள் இருப்பதைக் கவனியுங்கள். பைத்தான் மொழியில் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த மூன்று லைப்ரரிகளிடம் இதைக் கொடுத்தால், யூஆர்எல்லிப்2 இதை 1.1.1.1 என்று படித்தது, ரிக்வெஸ்ட்ஸ் 2.2.2.2 என்று படித்தது, யூஆர்எல்லிப் 3.3.3.3 என்று படித்தது. ஒரே மொழி, ஒரே முகவரி, மூன்று இடம். ஒரு லைப்ரரியை வைத்துச் சோதித்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பக்கத்தை எடுத்துவரும் எந்த நிரலையும் இதை வைத்து ஏமாற்றலாம்.

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியில் ஓட்டை தெரியவந்து உலகத்தையே உலுக்கியபோதும் இதே கதை ஒரு மூலையில் நடந்தது. முதல் ஓட்டையை அடைக்க 2.15.0 பதிப்பில், சொந்தக் கணினியைத் தவிர வேறு ஹோஸ்ட்டுக்குப் போகக்கூடாது என்று ஒரு சோதனை வைத்தார்கள். உடனே 127.0.0.1#.கெட்டதளம் என்ற வடிவத்தில் ஒரு முகவரி வந்தது. சோதிக்கும் பார்சர் # வந்ததும் நின்றுவிட்டது, அதற்கு ஹோஸ்ட் 127.0.0.1, பிரச்சினை இல்லை. ஆனால் உண்மையில் போய் எடுத்துவரும் பகுதிக்கு வேறு பார்சர், அது # குறியையும் பெயரின் பாகமாகவே எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் ஹோஸ்ட் என்று படித்தது. சில இயங்குதளங்களில் அந்தப் பெயர் அப்படியே டிஎன்எஸ் தேடலுக்கு, அதாவது பெயருக்கு ஐபி எண்ணைத் தேடும் இடத்துக்குப் போனது. சோதனை எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. ஒரே வேலையின் இரண்டு பாதிகளை இரண்டு பார்சரிடம் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வாசகசாலைத் தளத்திலும் இந்த ஓட்டை இருந்தது. கூட்டத்துக்கான லிங்க்கை யாராவது ஒட்டினால் எங்கள் சர்வர் அந்தப் பக்கத்துக்குப் போய் அதன் தலைப்பை எடுத்துவந்து காட்டும். உள் முகவரிகளுக்குப் போகவிடாமல் ஒரு சோதனை வைத்திருந்தோம், 127-இல் தொடங்குவது, 10-இல் தொடங்குவது, மேகக் கணினிகள் தம் ரகசிய விவரங்களை வைத்திருக்கும் 169.254.169.254 எல்லாம் தடை. கொழிஞ்சாம்பாறைக் குழப்பம் தீர்ந்த அடுத்த நாள் அந்தப் பெண் சும்மா இருக்காமல் 2130706433 என்று போட்டுப் பார்த்தாள். சோதனை அதை ஏதோ ஒரு பெயர் என்று விட்டுவிட்டது. எடுத்துவரும் பகுதி இயங்குதளத்திடம் கொடுத்தது, இயங்குதளம் அதை 127.0.0.1 ஆக்கிக் கொடுத்தது, எங்கள் சர்வரின் உள்பக்கம் ஒன்றின் தலைப்பு திரையில் வந்து நின்றது. யாரும் அதைப் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை, இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதிலிருந்து லைப்ரரி எழுதுபவர்களிடம் நான் கேட்பது முதலில் ஒன்றுதான். எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொன்னபடி முழுசாகப் பின்பற்றுங்கள். ‘பெரும்பாலும் ஆர்எஃப்சி 3986, ஆனால் சில இடங்களில் பிரவுசர் மாதிரி’ என்று நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து, ஏனென்றால் அந்த நடுவிடம் ஒவ்வொரு லைப்ரரிக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. முகவரியில் இருப்பதை எடுத்துவரும் கர்ல் கருவி இதற்கு ஒரு நல்ல உதாரணம். அதை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் அதை ஆர்எஃப்சி 3986 அடிப்படையில்தான் வைத்திருக்கிறார், ஆனால் பிரவுசர்கள் ஏற்பதால் மூன்று சாய்கோடுகளையும் அது ஏற்கிறது. அவரைக் குறை சொல்ல மனமில்லை, இப்படி விலகியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள், 2018-இல் 7.62.0 பதிப்பிலிருந்து கர்லின் பார்சரையே தனியாகக் கூப்பிட்டுப் பயன்படுத்த வழியும் செய்து கொடுத்துவிட்டார்கள். கர்ல் எப்படிப் படிக்குமோ அப்படியே நாமும் படித்துச் சோதிக்கலாம். விலகினால் இப்படி விலக வேண்டும்.

பைத்தானின் யூஆர்எல்லிப் நிலைமை இதைவிடச் சிக்கல். பல ஆர்எஃப்சிகளின் மிச்சங்கள் அதில் அடுக்கடுக்காக இருக்கின்றன. முகவரிக்கு முன்னால் ஒரே ஒரு வெற்றிடம் வைத்தால் ஸ்கீமும் (எச்டிடிபி போன்ற தொடக்கப் பகுதி) ஹோஸ்ட்டும் காலியாக வந்துகொண்டிருந்தன, தடைப்பட்டியல் வைத்துச் சோதிப்பவர்களின் நிரலுக்கு அங்கே தடுக்க ஒன்றுமே தெரியாது, 2023-இல்தான் அதை ஒரு பாதுகாப்புக் குறையாக எண்ணித் திருத்தினார்கள். இந்தப் பார்சர் சரிபார்க்காது, பிரித்து மட்டுமே கொடுக்கும் என்று இப்போது அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் பிழை என்று சொல்லாமல் காலியான விடையைத் திருப்பித் தரும் பழக்கம் இருக்கிறதே, அது எச்சரிக்கை எழுதிச் சரியாகிற விஷயம் இல்லை.

தாராளமாக ஏற்றுக்கொள்வது நல்ல குணம் என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜான் போஸ்டல் 1980-இல், கணினிகள் தரவு பரிமாறிக்கொள்ளும் டிசிபி நெறிமுறையை எழுதியபோது, அனுப்புவதில் கட்டுப்பாடாக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்ற பொருளில் எழுதினார். வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று பேசவைக்கவே பாடுபட்ட காலத்தில் அது தேவைப்பட்டது. ஆனால் ஆளுக்கு ஒரு விதமாகத் தாராளம் காட்டினால் என்ன ஆகும் என்பதை முப்பது வருஷ யூஆர்எல் வரலாறு காட்டிவிட்டது, 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9413 இந்தத் தாராளக் கொள்கை காலப்போக்கில் செய்யும் கேட்டைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. வாட்விக் தரமும் தாராளமானதுதான், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தாராளமாக இருக்க வழி சொல்கிறது. தாராளமாக இருக்க விரும்பும் லைப்ரரி அந்தச் செய்முறையை வரிக்கு வரி எழுத வேண்டும், பிரவுசர்கள் பொதுவாக வைத்திருக்கும் சோதனைத் தொகுப்பை ஓட்டிக் காட்ட வேண்டும். ரஸ்ட் மொழியின் யூஆர்எல் லைப்ரரியும் நோட்.ஜேஎஸ் பயன்படுத்தும் ஆடா பார்சரும் அந்த வழியில்தான் போகின்றன.

அப்படியானால் எல்லோரும் வாட்விக் பக்கம் போய்விட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர்கள் ஒட்டும் லிங்க், இணையப் பக்கத்தில் இருந்து பொறுக்கிய லிங்க், பிரவுசர் போகப்போகிற லிங்க், இவற்றுக்கு வாட்விக். பிரவுசர் எப்படிப் படிக்குமோ அதைத் தவிர வேறு சரியான வாசிப்பு அங்கே கிடையாது. ஆனால் இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறையில் வரும் முகவரி, கையொப்பமிட்ட ஆவணத்துக்குள் இருக்கும் முகவரி, ஒரு பொருளுக்கு அடையாளமாக மட்டும் பயன்படும் முகவரி, இங்கெல்லாம் பழுதுபார்ப்பது குற்றம். வந்தது வந்தபடி இருக்க வேண்டும், தப்பு என்றால் தப்பு என்று திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே ஆர்எஃப்சி 3986 கண்டிப்பாக.

ஒரு நிரல் மொழியின் அடிப்படை லைப்ரரிக்கு இரண்டு தேவையும் வரும். அதற்கு இப்போதைக்கு நான் பார்த்த நல்ல விடை பிஎச்பி மொழியின் 8.5 பதிப்பில் வந்தது. 2025 நவம்பரில் வெளியான அந்தப் பதிப்பில் முகவரிக்கு இரண்டு தனித்தனி வகுப்புகள் (கிளாஸ்) இருக்கின்றன, ஒன்றின் பெயரிலேயே ஆர்எஃப்சி 3986 இருக்கிறது, மற்றதன் பெயரிலேயே வாட்விக் இருக்கிறது. நிரல் எழுதுபவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தெரியாமல் ஒன்றை எடுக்க முடியாது, ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் மொழியே பிடித்துவிடும். கூரியர் கவரின் மேலேயே எந்தப் பழக்கத்தில் படிப்பது என்று எழுதிவிட்ட மாதிரி. முகவரியைப் பிரிக்கும் பழைய பார்ஸ்_யூஆர்எல் கட்டளை இன்னும் இருக்கிறது, தப்பான முகவரிக்குச் சரியான விடை வராமல் போகலாம் என்ற எச்சரிக்கையோடு.

அடுத்தது, பார்ஸ் செய்வது ஒரே முறைதான் நடக்க வேண்டும். வாசலில் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வந்ததைப் பிரித்து, பிரித்த பொருளை உள்ளே கொண்டுபோங்கள், சோதிப்பவரும் எடுத்துவருபவரும் அதே பொருளைப் பார்க்கட்டும். மறுபடி ஸ்ட்ரிங்காக்கி இன்னொருவர் கையில் கொடுத்தால் அவர் தன் வழக்கப்படி மறுபடி பிரிப்பார். இதற்கு லைப்ரரிகள் ஒத்துழைக்க வேண்டும். எடுத்துவரும் லைப்ரரி வெறும் ஸ்ட்ரிங்கை மட்டுமே வாங்கிக்கொள்ளும் என்றால் நாம் என்ன கட்டுப்பாடாக இருந்தும் பயன் இல்லை. (திசைதிருப்பல் வந்தால் ஒவ்வொரு தாவலிலும் திரும்பச் சோதிக்க வேண்டும், கடைசியில் இணைப்பு போய்ச்சேரும் ஐபி முகவரியையும் சோதிக்க வேண்டும். அது பார்சரின் வேலை இல்லை, ஆனாலும் மறந்துவிடாதீர்கள்.)

அப்புறம், வந்த வடிவத்தைத் தொலைக்கக் கூடாது. எங்கள் ஊரில் நில விவரம் பேசினால் சர்வே எண் 214/3 என்று உட்பிரிவோடுதான் வரும். இதை முகவரிப் பாதையில் ஒரே உறுப்பாக வைக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் சாய்கோட்டை % வடிவத்தில் மறைத்து எழுத வேண்டும். லைப்ரரி அவசரப்பட்டு எல்லா % குறிகளையும் முதலிலேயே மூல எழுத்துக்கு மாற்றிவிட்டால் 214 ஓர் உறுப்பு, 3 இன்னோர் உறுப்பு என்று இரண்டாகிவிடும், வேறு யாருடைய நிலமோ திறக்கும். முதலில் சாய்கோட்டில் வெட்டு, பிறகு ஒவ்வொரு துண்டிலும் % வடிவத்தை எழுத்தாக்கு, இந்த வரிசை மாறக்கூடாது. கோ மொழியின் லைப்ரரி எழுத்தாக்கிய பாதையோடு % வடிவத்திலேயே இருக்கும் மூலப் பாதையையும் கையில் வைத்துக்கொள்கிறது, 1.5 பதிப்பிலிருந்து. நல்ல யோசனை. இதற்கு நேர் எதிரான தப்பு, ஏற்கெனவே % வடிவத்தில் இருப்பதை மறுபடி % வடிவத்துக்கு மாற்றுவது. ஒவ்வொரு % குறியும் %25 ஆகிவிடும், 126 இடத்தில் இருந்த கொழிஞ்சாம்பாறை 210 இடத்துக்கு வீங்கிவிடும், எந்த சர்வரும் அதை அடையாளம் கண்டுகொள்ளாது. தமிழில் லிங்க் வைக்கும் எல்லோரும் இதை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிடும் லைப்ரரியில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது, அங்கே மாற்ற ஒன்றும் இருக்காதே.

இரண்டு முகவரிகள் சமமா என்ற கேள்விக்கு ஒரே பதில் வைத்திருப்பதும் சரியில்லை. ஜாவாவின் பழைய யூஆர்எல் வகுப்பு ஹோஸ்ட் பெயர்களை டிஎன்எஸ்ஸில் தேடி, ஒரே ஐபி வந்தால் சமம் என்று சொல்லிவிடும். ஒரே சர்வரில் நூறு தளங்கள் குடியிருக்கும் காலத்தில் இதற்கு அர்த்தமே இல்லை, தவிர இரண்டு முகவரிகளை ஒப்பிட நெட்வொர்க் வரை போய்வர வேண்டும். அதன் கன்ஸ்ட்ரக்டர்களை (அந்த வகுப்பில் புதிதாக ஒன்றை உருவாக்கும் வழிகள்) ஜாவா 20-இல்தான் ‘இனி வேண்டாம்’ பட்டியலில் சேர்த்தார்கள். ஆர்எஃப்சி 3986 இந்த ஒப்பீட்டை ஏணி மாதிரி சொல்கிறது: எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது முதல் படி, இலக்கணப்படி ஒழுங்குபடுத்தி ஒப்பிடுவது அடுத்தது, ஸ்கீமின் விதிகளைச் சேர்த்துக்கொள்வது அதற்கும் மேலே. லைப்ரரி இந்தப் படிகளைத் தனித்தனிப் பெயரோடு கொடுக்கட்டும், எந்தப் படியில் நிற்பது என்பது எங்கள் முடிவு.

இங்கேதான் எங்கள் எழுத்துக்களின் சிக்கல் திரும்ப வருகிறது. ‘கொ’ விஷயம் என்எஃப்சியில் தீர்ந்துவிடும். எல்லாம் அப்படித் தீராது. ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று அடிப்பவர்கள் நிறையப் பேர். கண்ணுக்கு ஒன்று, யூனிகோடுக்கு முழுக்க வேறு சொல். மலையாளத்தில் சில்லெழுத்து என்று உண்டு, உயிரில்லாமல் நிற்கும் ன், ர், ல் போன்றவை. அவற்றுக்குத் தனிக் குறிகள் 2008-இல் யூனிகோடு 5.1-இல்தான் வந்தன. அதற்கு முன்னால் மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என்று மூன்றாக எழுதினார்கள், அப்படி எழுதிய உரை இன்னும் ஏராளமாக இருக்கிறது. இரண்டு வடிவத்தையும் என்எஃப்சி ஒன்றாக்காது. இந்த இணைப்புக்குறியை டொமைன் பெயர்களுக்கான 2003 விதி அழித்துவிடும், 2008 விதி சில இடங்களில் அனுமதிக்கும். பைத்தானோடு வரும் ஐடிஎன்ஏ (டொமைன் பெயர்களுக்கான இந்த விதியின் பெயர்) மாற்றி இன்னும் 2003 விதியில்தான் இருக்கிறது, தனியாக நிறுவிக்கொள்ளும் ஐடிஎன்ஏ லைப்ரரி 2008 விதியில். ஆக ஒரே மலையாளப் பெயர் எந்த லைப்ரரி வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு தளங்களுக்குப் போகலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழில் டொமைன் முடிவுகள் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு இதை ஓரத்து விஷயம் என்று ஒதுக்க முடியாது.

இதற்காக யூஆர்எல் லைப்ரரி தானாகவே பாதையை என்எஃப்சிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கிறேனா? இல்லை, கேட்கவே மாட்டேன். சர்வரில் 15 குறியோடு ஒரு கோப்பு உண்மையிலேயே இருக்கலாம், லைப்ரரி சத்தமில்லாமல் 14 ஆக்கினால் அந்தக் கோப்பை யாராலும் திறக்க முடியாமல் போகும். ஆர்எஃப்சி 3986 வந்த அதே மாதம் பன்மொழி முகவரிகளுக்காக ஆர்எஃப்சி 3987 வந்தது. அது இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: முகவரி காகிதத்திலிருந்தோ யூனிகோடு அல்லாத குறிமுறையிலிருந்தோ வந்தால் என்எஃப்சிக்கு மாற்றிக்கொள், ஏற்கெனவே யூனிகோடில் வந்தால் கை வைக்காதே. பொறுப்பு நுழைவாயிலில் இருக்கிறது, நடுவில் இல்லை. அந்தப் பழைய எழுத்துரு மாற்றி செய்திருக்க வேண்டிய வேலை அது. லைப்ரரி செய்ய வேண்டியது, ‘பாதையில் நான் யூனிகோடு வடிவத்தை மாற்ற மாட்டேன், ஹோஸ்ட்டில் இந்த விதிப்படி மாற்றுவேன்’ என்று கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயரையோ மலையாளப் பெயரையோ வைத்துக் காட்டுவது.

தரத்தை மாற்றிக்கொள்ளும் லைப்ரரிகளுக்கும் ஒரு வார்த்தை. குவெரியில் & குறிக்குப் பதில் அரைப்புள்ளியையும் பிரிப்பானாக ஏற்கும் வழக்கம் எச்டிஎம்எல் 4 காலத்துப் பரிந்துரையிலிருந்து வந்தது. நடுவில் இருந்துகொண்டு பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் கேஷ் ஒரு விதமாகவும் பின்னால் இருக்கும் நிரல் இன்னொரு விதமாகவும் பிரித்தால் கேஷில் விஷம் ஏற்றலாம் என்று தெரிந்ததும் 2021-இல் பைத்தானும் அதே வருஷம் கோ 1.17-உம் அதை விட்டுவிட்டன. சரியான முடிவு. ஆனால் அரைப்புள்ளியை நம்பி எழுதிய நிரல்கள் ஒரு சின்ன அப்டேட்டில் உடைந்தன. ஆப்பிள் வேறு வழியில் போனது: ஐஓஎஸ் 17-இல் பழைய ஆர்எஃப்சி 1738 வாசிப்பிலிருந்து 3986-க்கு மாறியபோது, புதிய கருவித்தொகுப்பில் கட்டிய செயலிகளுக்கு மட்டும் புது வாசிப்பைக் கொடுத்தது. பாதுகாப்புக் குறை அவசரம் என்றால் உடைப்பதைத் தவிர வழியில்லை, மற்ற நேரங்களில் இந்த மாதிரிப் படி வைத்து இறங்கினால் போதும்.

எங்கள் தளத்தில் இப்போது பெயர்கள் உள்ளே வரும் வாசலிலேயே என்எஃப்சிக்கு மாறுகின்றன. முகவரியை ஒரே பார்சர் பிரிக்கிறது, பிரித்த பொருளைத்தான் சோதனையும் பார்க்கிறது, எடுத்துவரும் பகுதியும் பார்க்கிறது. 15 குறி வடிவத்தை எடுத்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்குள் அந்த வடிவத்தில் ஒரு க்யூஆர் கோட் அச்சடித்துக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் அதைத்தான் ஃபோனில் காட்டித் திறக்கிறார்கள். அந்த 135 இட முகவரி சர்வரில் தனி வரியாக இருக்கிறது, வந்தவர்களை 126-க்கு அனுப்பிவைக்கிறது.